இட்லி மாவுக்கு கிரைண்டரா, மிக்ஸியா?

இட்லி கெட்டியாக வருகிறதென்றால் பலரும் முதலில் அரிசியை மாற்றுவார்கள். அப்புறம் ஆப்ப சோடா போட்டுப் பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது உளுந்து எதில் அரைத்தீர்கள், எவ்வளவு நேரம் அரைத்தீர்கள் என்றுதான். கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் உள்ள வித்தியாசம் முக்கால்வாசி உளுந்தில்தான் தெரியும். அரிசியை எதில் அரைத்தாலும் பெரிதாகக் குடி முழுகிப் போகாது.

கிரைண்டரில் உளுந்து கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்குகிறது. குழவி மெதுவாக உருள உருள மாவு மடங்கி விழுகிறது, கூடவே காற்றும் உள்ளே போகிறது. உளுந்தின் புரதமும் அதிலுள்ள பிசுபிசுப்பும் சேர்ந்து அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ராத்திரி மாவு புளிக்கும்போது லூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயு தங்குவதும் இந்த நுரைக்குள்தான். நுரை பலமாக இல்லையென்றால் வாயு வெளியே போய்விடும். மாவு புளித்திருக்கும், ஆனால் பொங்கியிருக்காது.

ஒரு டம்ளர் உளுந்தைக் கிரைண்டரில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஓடவிட்டால், சில நிமிடங்களிலேயே தேங்காய்ச் சட்னி பதத்துக்கு வந்துவிடும். இங்கேதான் அவசரக்காரர்கள் நிறுத்துகிறார்கள். நிறுத்தக் கூடாது. அவ்வப்போது கையால் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒட்டியதை உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டே இருங்கள். 20 நிமிடம் தாண்டும்போது மாவு வெளுத்துப் பளபளவென்று ஆகும், அளவும் கண்ணெதிரே கூடும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். மிதந்தால் வழித்துவிடலாம். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும்.

மிக்ஸியின் கதை வேறு. ஜாரில் ஒன்றும் இல்லாமல் ஓட்டினால் பிளேடு நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை சுற்றும். அந்த வேகத்தில் அது உளுந்தை வெட்டித் தள்ளுகிறது, மாவும் சூடாகிவிடுகிறது. தண்ணீர் குறைத்தால் பிளேடு மட்டும் சுற்றும், உளுந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் கூட்டினால் மாவு நீர்த்துப்போகும், காற்று நிற்காது. சூடான மாவுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. வெயில் காலத்தில் விடிவதற்குள் புளித்துத் தள்ளிவிடும்.

அதற்காக மிக்ஸியில் நல்ல இட்லி வராது என்று சொல்ல மாட்டேன். வரவைக்கலாம், கொஞ்சம் மெனக்கெட வேண்டும். உடைத்த உளுந்து வேண்டாம், தோல் நீக்கிய முழு உளுந்தாக, புதிதாக வாங்குங்கள். கழுவி, ஒரு ஸ்பூன் வெந்தயத்தோடு ஊறவைத்து, பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். அரைக்கும்போது அந்த ஊறிய தண்ணீரையே ஜில்லென்று சேர்க்க வேண்டும். ஜாரில் பாதிக்கு மேல் போடாதீர்கள். விட்டு விட்டு ஓட்டுங்கள், ஜாரைத் தொட்டால் சூடு தெரிகிறதென்றால் கொஞ்சம் ஆறவிடுங்கள். பாத்திரத்தில் மாற்றியபின் கையை விட்டு ஒரே பக்கமாக மூன்று நான்கு நிமிடம் அடித்தால், கிரைண்டர் தானாகச் செய்யும் வேலையில் பாதியாவது ஆகிவிடும். அளவையும் மாற்ற வேண்டும். கிரைண்டருக்கு நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போதுமென்றால், மிக்ஸிக்கு மூன்றுக்கு ஒன்று. மாதக் கணக்கில் பார்த்தால் உளுந்துச் செலவு கூடத்தான் செய்யும்.

கரண்ட் செலவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கிரைண்டர் நேரமெடுப்பதால் மீட்டர் அதிகம் ஓடும் என்று பயப்படுகிறார்கள். மேடையில் வைக்கிற இரண்டு லிட்டர் கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட்தான். 40 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. 750 வாட் மிக்ஸியை எட்டு நிமிடம் முழுக்க ஓட்டினாலும் அதே கணக்குதான் வரும்.

கிரைண்டரை நிஜமாகவே பின்னுக்குத் தள்ளுவது கழுவுகிற வேலை. குழவியைத் தூக்கி, இடுக்கில் ஒட்டிய மாவை வழித்து, டிரம்மைத் தூக்கிச் சாய்த்து... இடுப்பு வலியோ மூட்டு வலியோ உள்ளவர்களுக்கு இது லேசான காரியமில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அரைத்துக் கொடுப்பவரே கழுவியும் கொடுப்பதுதான் நியாயம்.

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா திட்டத்தில் மிக்ஸியும் கிரைண்டரும் ஒன்றாகவே வீட்டுக்கு வந்தன. அப்படி இரண்டும் இருக்கும் வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான்: உளுந்தை மட்டும் கிரைண்டரில் அரையுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அரிசியை மிக்ஸியில் இரண்டு மூன்று தடவையாக, மெல்லிய ரவை பதத்துக்கு அடித்துவிடுங்கள். அரிசி அந்த நறநறப்போடு இருப்பதுதான் இட்லிக்கு நல்லது, மைய அரைத்தால் பிசுபிசுக்கும். கிரைண்டர் ஓடும் நேரம் பாதியாகக் குறையும், இட்லியின் மென்மை குறையாது.

தோசை மட்டும் போதும் என்பவர்களுக்கு மிக்ஸியே தாராளம். கல்லில் மெல்லியதாக இழுத்து முறுகவிடும்போது மாவில் காற்று கொஞ்சம் குறைந்தது தெரியவே தெரியாது. அடை, மசால் வடை இரண்டுக்கும் மிக்ஸிதான் சரி. கொரகொரப்பாக நிறுத்துவது அதில்தான் சுலபம். மெதுவடை மட்டும் நேரெதிர். தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக ஆட்டிய மாவுதான் உருண்டு நிற்கும். மிக்ஸியில் தண்ணீர் கூடிப்போன மாவு எண்ணெயைக் குடித்துவிடும்.

கடை மாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவசரத்துக்கு வாங்கலாம். உளுந்து எவ்வளவு, என்றைக்கு அரைத்தது என்பது நம் கையில் இல்லை.

ஒன்றிரண்டு பேர் உள்ள வீட்டுக்குக் கிரைண்டர் வாங்குவதானால் ஒரு விஷயம் யோசிக்க வேண்டும். ஒரு கைப்பிடி உளுந்தைப் போட்டால் அது குழவிக்குள் சிக்காமல் டிரம்மின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு சுற்றும். ஒரு டம்ளராவது போட்டால்தான் கல் பிடிக்கும். அதனால் ஒரு வாரத்துக்கு ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து, உடனே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பாதியை மேடையில் புளிக்க வையுங்கள். மற்றதைப் புளிக்கவிடாமல் அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்து, தேவைப்படும் நாளுக்கு முந்தின நாள் மத்தியானமே எடுத்து வெளியே வைத்தால் அதுவும் காலைக்குள் பொங்கிவிடும்.