பயிற்சி நிலையமா, கொலுசுப் பட்டறையா?

சேலத்தில் வசதியற்ற வீட்டு இளைஞர்கள் தொழில்முனைவைக் கற்க இரு வழிகளை ஒப்பிடலாம். வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், 18 வயது நிறைந்தவர்களுக்கு உணவும் தங்குமிடமும் தந்து இலவசமாகக் கற்பிப்பதோடு, வங்கிக் கடன் பெறவும் துணைநின்று, 2 ஆண்டுகள் வரை தொடர்ந்து வழிகாட்டுகிறது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் பாடத்திட்டம் கிடையாது. ஆனால், வியாபாரி தரும் வெள்ளியை எடைபோட்டு வாங்கி, சேதாரம் கழித்து, கூலிக்குக் கணக்குத் தீர்ப்பதை அன்றாடம் பார்க்கும் இளைஞருக்கு, வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் ஏன் குறைகிறது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. (கையில் கூலியும் கிடைக்கிறது, வீட்டுக்கு அதுவே பெரிது.) எனினும் சொந்தக் கணக்கில் வெள்ளி வாங்க முதலீடு வேண்டும், அதைப் பட்டறை தருவதில்லை. ஆகவே கைத்தொழில் அறிந்தவருக்கு நிலையமே ஏற்றது. அறியாதவர் முதலில் ஓராண்டேனும் பட்டறையில் இருப்பது நல்லது என்பேன்.