ஏரி எவ்வளவு நஞ்சைத் தாங்கும்? வளைகோடா, உணவு வலையா?

ஒரு வேதிப்பொருள் எந்த அளவுக்கு மேல் போனால் ஏரி கெடும் என்று கணிக்கப் பல வழிகள் உண்டு. அதில் இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, இனங்களின் தாங்குதிறனை வளைகோடாக வரைவது. பாசி, டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு, மீன் என்று பல இனங்களுக்கு ஆய்வகத்தில் கிடைத்த நச்சு அளவுகளைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி வரைந்தால் 'எஸ்' போல ஒரு கோடு வரும். 5 சதவீத இனங்கள் பாதிக்கப்படும் இடத்தைப் பிடித்து, தேவைப்பட்டால் பாதுகாப்புக்காக இன்னொரு எண்ணால் வகுத்து வரம்பு வைப்பார்கள். தரவு கையில் இருந்தால் ஒரே மத்தியானத்தில் முடிகிற வேலை. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்பது பெரிய பலம்.

ஆனால் அந்த எண்கள் பிறக்கும் இடத்தைப் பாருங்கள். டாஃப்னியா குஞ்சுகளை நஞ்சு கலந்த தண்ணீரில் 48 மணி நேரம் விட்டு, மெல்ல அசைத்து, 15 விநாடிக்குள் நீந்தாதவற்றை எண்ணுகிறார்கள். அந்தக் குடுவையில் இரையும் கிடையாது, அவற்றைத் தின்ன வரும் மீனும் கிடையாது.

இது எங்கே உதைக்கும் என்பதை கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள 260-ஆம் எண் ஏரி காட்டியது. கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை 2001 முதல் 2003 வரை அந்த ஏரியில் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான், அதாவது ஏறக்குறைய 20 கோடி லிட்டருக்கு ஒரு கிராம். ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீனில் ஆண்கள் முட்டைக்கரு புரதத்தைச் சுரக்க ஆரம்பித்தன, அந்த இனமே கிட்டத்தட்ட அழிந்துபோனது. அதோடு நிற்கவில்லை. இரை குறைந்ததால் பெரிய ட்ரௌட் மீன்களும் குறைந்தன, சிறுமீன்கள் தின்றுவந்த சில பூச்சிகளும் மிதவை உயிர்களும் பெருகின. இனப்பெருக்கச் சோதனை எண்களைச் சேர்த்திருந்தால் மின்னோவின் ஆபத்தை வளைகோடும் சொல்லியிருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ட்ரௌட் பட்டினியை அது எப்படியும் சொல்லாது.

அங்கேதான் இரண்டாவது வழி வருகிறது: உணவு வலையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அக்வாடாக்ஸ் மாதிரியான மென்பொருளில் பாசி, பூச்சி, மீன் ஒவ்வொன்றின் எடையும் நாளுக்கு நாள் கூடிக் குறைவதைப் பார்க்கலாம், யார் யாரைத் தின்கிறது என்பதும் கணக்கில் இருக்கும். சரி, அப்புறம் ஏன் எல்லோரும் இதையே பயன்படுத்துவதில்லை? தீனி கேட்கும். ஒவ்வோர் உயிருக்கும் வளர்ச்சி வேகம், உண்ணும் அளவு, இறப்பு விகிதம் என்று எண்கள் வேண்டும். உங்கள் ஏரியில் அளக்காமல் மென்பொருளில் இருக்கும் எண்களையே வைத்து ஓட்டினால் வரும் வரைபடம் அழகாக இருக்கும், நம்ப முடியாது.

என் தேர்வு இதுதான்: நூறு வேதிப்பொருட்களைச் சலிக்க வேண்டுமென்றால் வளைகோடு போதும். ஆனால் இனப்பெருக்கத்தைத் தொடும் பொருள், அல்லது மேலே உள்ள மீன் ஒரே இரையை நம்பியிருக்கும் ஏரி என்றால், செலவானாலும் உணவு வலைதான். மின்னோ இரண்டு, மூன்று ஆண்டுதான் வாழும், இரண்டு பருவம் முட்டை பொய்த்தால் ஏரியில் ஆளே இருக்காது. கலப்பதை நிறுத்திய பின் அவை மீண்டு வரச் சில ஆண்டுகள் பிடித்தன. எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று வளைகோட்டிடம் கேட்கவே முடியாது, காலம் என்ற அச்சே அதில் இல்லை.