பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு மேலாண்மை அறிமுக வகுப்பு: கிருஷ்ணகிரி அனுபவம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த நாளுக்கும் கல்லூரி திறக்கும் நாளுக்கும் இடையில் கிடைக்கும் மாதங்களில் பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று யோசிக்காத பெற்றோர் எங்கள் பகுதியில் குறைவு. தட்டச்சு, டேலி, ஆங்கிலப் பேச்சு என்று வழக்கமாக இருந்த வரிசையில் இப்போது மேலாண்மையும் சேர்ந்துவிட்டது. கிருஷ்ணகிரி நகரில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் இந்தக் கோடையில் நடத்திய வணிக மேலாண்மை அறிமுக வகுப்பில் என் மகனைச் சேர்த்திருந்தேன். ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். கட்டணம் 6,500 ரூபாய். குறைகளையும் எழுதப் போவதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே பாடத்திட்டத்தை ஒட்டிய வகுப்புகள் வேறு ஊர்களிலும் நடப்பதால், பெயர் இல்லாவிட்டாலும் இந்த மதிப்பீடு பயன்படும் என்று கருதுகிறேன். நான் காவேரிப்பட்டணத்தில் என் அண்ணனோடு சேர்ந்து ஹார்டுவேர் கடை நடத்துபவன். பெற்றோரை அனுமதித்த இரண்டு வகுப்புகளில் நேரில் அமர்ந்தேன். மற்ற நாட்களின் பாடக் குறிப்புகளை மகனிடம் வாங்கிப் படித்தேன்.

முதல் வாரம் ஹென்றி ஃபேயோலின் 14 மேலாண்மைத் தத்துவங்களோடு தொடங்கியது. பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு, ஆசிரியை அந்த மனிதரின் தொழிலிலிருந்து பாடத்தைத் தொடங்கியது வியப்பாக இருந்தது. ஃபேயோல் ஒரு சுரங்கப் பொறியாளர். நொடித்துப் போகும் நிலையில் இருந்த பிரெஞ்சு சுரங்க நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறுப்பை 1888இல் ஏற்று அதை நிமிர்த்தியவர். அந்த அனுபவம் முழுவதையும் கடந்த பிறகு, 1916இல்தான் தம் தத்துவங்களை எழுதி வெளியிட்டார். கிரானைட் குவாரியைக் கண்டிராத பிள்ளை எங்கள் மாவட்டத்தில் அரிது என்பதால், மேஸ்திரி, கம்ப்ரசர் ஓட்டுபவர், லாரி ஓட்டுநர் என்று ஒவ்வொருவரும் யார் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற கேள்வியை வைத்தே அதிகாரமும் பொறுப்பும் பற்றிய பாடம் நகர்ந்தது. ஒரு பணியாளர் ஒருவரிடமிருந்து மட்டுமே ஆணை பெற வேண்டும் என்ற தத்துவத்தைப் படித்துவிட்டு வந்த அன்று மாலை, நம் கடையில் சிமெண்ட் மூட்டை இறக்கும் அண்ணனுக்கு நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், பெரியப்பா ஒன்று சொல்கிறார், அவர் யார் பேச்சைக் கேட்பார் என்று மகன் கேட்டான். இதை என் அண்ணனிடம் சொன்னபோது, அந்த ஃபேயோலுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கடையில் இல்லை போலிருக்கிறது என்று சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து சரக்கு இறக்கும் வேலையை அவர் ஒருவரே பார்த்துக்கொள்கிறார்.

அமெரிக்கப் பொறியாளர் டெய்லருக்கு ஒரே நாள்தான் ஒதுக்கப்பட்டது. 1911இல் அவர் முன்வைத்த அறிவியல் முறை மேலாண்மையை, அதாவது வேலையை நேரம் அளந்து ஆராய்ந்து சீராக்குவதை விளக்கிவிட்டு, பேருந்து நிலையத் தேநீர்க் கடை ஒன்றில் கைப்பேசியை வைத்து நேரம் அளந்து வரச் சொன்னார்கள். தேநீர் ஆற்றுவதைவிடச் சில்லறை தேடுவதில்தான் மாஸ்டருக்கு அதிக நேரம் போகிறது என்று என் மகனின் குழு எழுதி வந்தது. எளிய பயிற்சிதான், ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்கிறார்கள்.

கொடுத்த பணத்துக்கு முழுமையாகப் பயன் கிடைத்தது மூன்றாம், நான்காம் வாரங்களில்தான். அது மாம்பழப் பருவம். பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மாதம் பழக்கடை போட்டால் எத்தனை கிலோ விற்ற பிறகு லாபம் தொடங்கும் என்பதை ஐந்து பேர் கொண்ட ஒவ்வொரு குழுவும் கணக்கிட வேண்டும். கொட்டகை வாடகை, விளக்கு, பலகை எல்லாம் சேர்ந்த நிலையான செலவு 6,000 ரூபாய் என்றும், கொள்முதல் விலை கிலோ 40 ரூபாய், விற்பனை விலை 60 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டார்கள். கிலோவுக்கு 20 ரூபாய் மிஞ்சுகிறது, எனவே 300 கிலோ என்று எல்லாக் குழுக்களும் உடனே விடை சொல்லிவிட்டன. அழுகிப் போகும் பழத்தை யார் வாங்குவார்கள் என்று ஆசிரியை கேட்ட பிறகுதான் கணக்கு உயிர் பெற்றது. நூற்றுக்குப் பத்து கிலோ வீணாகிறது என்று கொண்டால், வாங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் கையில் வருவது 54 ரூபாய்தான். மிஞ்சுவது 14 ரூபாய். அப்போது லாபமும் நட்டமும் இல்லாத சமநிலைக்கு ஏறக்குறைய 429 கிலோ கொள்முதல் செய்து விற்றாக வேண்டும். கொள்முதல் விலை ஐந்தே ரூபாய் ஏறினால் அது 667 கிலோவாகிவிடுகிறது. சமநிலைப் புள்ளி என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே அதன் பொருள் பிள்ளைகளுக்குப் புரிந்திருந்தது. அறிவியல் பிரிவில் படித்த என் மகன், சூத்திரம் தெரிந்த கணக்கில் இப்படி ஏமாந்தது எப்படி என்று இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தான்.

கணக்கைப் போட்ட கையோடு பிள்ளைகளை ஒரு விடியற்காலையில் மாங்காய் மண்டிக்கு அழைத்துப் போனார்கள். சாப்பாட்டுப் பழமான அல்போன்சாவுக்கும் கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா வகைக்கும் சந்தை ஒன்றல்ல என்பதை அங்கே கண்ணால் பார்த்திருக்கிறார்கள். முதலாவது வகையில் விற்பவர் பலர், வாங்குபவரும் பலர். இரண்டாவதில் ஆலைகள்தாம் பெரும் வாடிக்கையாளர்கள். அவர்கள் விலையைக் குறைத்தாலும் கொள்முதலை நிறுத்தினாலும் விவசாயிக்குப் போக்கிடம் இல்லை, காய் மரத்தில் காத்திருக்காது. பேரம் பேசும் வலிமை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறையும் கற்பித்துவிட முடியாது. சந்தைப்படுத்தல் பாடத்திலும் இதே போன்ற ஒரு நல்ல பயிற்சி இருந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளும் புழங்கும் ஊரில் ஒரு கடையின் பெயர்ப் பலகை எந்த மொழிகளில் இருக்க வேண்டும் என்பதை, கடைவீதியில் வந்து போகும் வாடிக்கையாளர்களைக் கவனித்து முடிவு செய்யச் சொன்னார்கள்.

இவ்வளவு நன்றாகப் போன வகுப்பு ஐந்தாம் வாரத்தில் வேறோர் ஆசிரியர் கைக்கு மாறியதும் திசை தப்பியது. இரண்டு முழு நாட்கள் புகைப்படப் பிலிம் தயாரித்த கோடாக் நிறுவனத்தின் வீழ்ச்சிக்குச் செலவாயின. அந்நிறுவனத்தின் பொறியாளரே 1975இல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கியும், மாற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2012இல் அது திவால் மனு அளித்த கதை சுவையானதுதான். ஆனால் பிலிம் சுருளைத் தொட்டே பார்க்காத தலைமுறைக்கு அது வரலாற்றுப் பாடமாகவே போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் ஓசூர் இருக்கிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984இல் தொடங்கிய டைட்டன், தன் கடிகார ஆலையை அங்கேதான் அமைத்தது. அரசும் தனியாரும் சேர்ந்து ஒரு தொழிலை ஏன் தொடங்குகிறார்கள், அதற்கு ஓசூரை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை கடனைப் பற்றியது. மாம்பழக் கணக்கு முழுவதும் ரொக்கத்தில் நடந்தது. எங்கள் தொழிலில் ஒப்பந்ததாரர் கம்பியும் சிமெண்டும் எடுத்துப் போவார். கட்டடத்துக்குத் தளம் போட்ட பிறகு பணம் தருவேன் என்பார். எங்களுக்குச் சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரியோ முப்பதாம் நாள் காசோலையை எதிர்பார்ப்பார். ஏட்டில் லாபம் இருக்கும், கல்லாவில் பணம் இருக்காது. லாபமும் ரொக்க வரவும் வேறு வேறு என்பதைச் சொல்லித் தராத மேலாண்மை வகுப்பு, தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளையைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறது. பாடத்திட்டத்தில் இதற்கென்று இடமே இல்லை, ஜி.எஸ்.டி.க்கு மட்டும் அரை மணி நேரம் இருந்தது.

நான் அமர்ந்திருந்த வகுப்பு ஒன்றில் ஒரு மாணவி, கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கும் கடைக்காரரோடு அப்படிச் செய்யாதவர் எப்படி விலையில் போட்டியிடுவது என்று கேட்டார். அது சட்டம் சார்ந்த விஷயம் என்று சொல்லி ஐந்தாம் வார ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். கார்பைடு தடை செய்யப்பட்டது என்பதும், எத்திலீன் வாயுவை வரையறுக்கப்பட்ட அளவில் பயன்படுத்த அனுமதி உண்டு என்பதும் உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கின்றன. அதற்கான அறையும் கருவியும் எவ்வளவு செலவு பிடிக்கும், அந்தச் செலவை விலையில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருந்தால், அந்த வாரத்தின் சிறந்த பாடம் அதுவாகவே இருந்திருக்கும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளக்கம் தமிழில் இருந்தாலும் அச்சடித்த குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன. அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்கள் வகுப்பில் பாதிக்கு மேல். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பாடநூலில் மேலாண்மைத் தத்துவங்களும் மேலாண்மைச் செயல்பாடுகளும் தமிழிலேயே எழுதப்பட்டுள்ளன. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. அந்த நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்த பிறகுதான் என் மகனுக்குக் குறிப்புகள் வசப்பட்டன.

சேர்க்கைத் துண்டறிக்கையில், இவ்வகுப்பு ஐ.ஐ.எம். (இந்திய மேலாண்மைக் கழகம்) நுழைவுத் தேர்வுக்கும் துணைபுரியும் என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பிச் சேர வேண்டாம். இந்தூர் ஐ.ஐ.எம். 2011 முதல் நடத்தும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கான தேர்வு, கணிதத் திறனையும் ஆங்கில மொழித் திறனையும் சோதிப்பது. ஃபேயோலைப் பற்றி அதில் கேள்வி வராது. முடிவில் தரும் சான்றிதழும் கல்லூரிச் சேர்க்கையில் எடுபடாது. பி.பி.ஏ. படிப்பில் சேர்க்கப் போகிறவர்கள், அப்படிப்பு 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் வரம்புக்குள் வந்திருப்பதால், கல்லூரி அந்த ஒப்புதலைப் பெற்றிருக்கிறதா என்று தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

அறிவியல் பிரிவில் படித்துவிட்டு பி.காம்., பி.பி.ஏ. பக்கம் திரும்ப நினைக்கும் பிள்ளைக்கும், வீட்டில் கடையோ மண்டியோ இருக்கும் பிள்ளைக்கும் இந்த வகுப்பைத் தயங்காமல் சொல்வேன், மாம்பழப் பருவத்தில் நடக்கும் பிரிவாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு. வணிகவியல் பிரிவில் படித்தவர்களுக்கு முதல் இரண்டு வாரங்கள் வீண். என் மகனோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண் அப்பிரிவில் படித்தவர். பள்ளியில் தேர்வுக்காக எழுதிய அதே பதிநான்கு தத்துவங்களை மறுபடியும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் போன்றவர்கள் மூன்றாம் வாரத்திலிருந்து குறைந்த கட்டணத்தில் சேர வழி செய்யலாமே என்று நிலையத்தாரிடம் நான் கேட்டேன். அடுத்த பிரிவு தொடங்கும்போது சொல்கிறோம் என்றார்கள். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.