தர்பூசணிக்கு வாடகைத் தேனீப் பெட்டி: எங்கள் அனுபவம்

வீடு மூலக்கடையில். புழலைத் தாண்டி சித்தப்பாவுக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. நான்கு வருடமாக அதில் தர்பூசணி போடுகிறோம். காய் நன்றாகப் பிடிக்க இந்த மாசியில் இரண்டு தேனீப் பெட்டி வாடகைக்கு எடுத்தோம். இந்தியத் தேனீ, பெட்டிக்கு மாதம் 1,500 ரூபாய்.

போன வருடம் வேறு ஒருவரிடம் எடுத்தோம். கொடியில் பூ வருவதற்கு முன்பே பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்துக் கொல்லையில் முருங்கை பூத்துக் குலுங்கியது, தேனீ அங்கேயே பழகிவிட்டது. எங்கள் கொடி பூத்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதிக் காய் ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சூம்பிப்போய், வியாபாரி ஒதுக்கிவிட்டார்.

இந்த முறை வந்த தம்பி முதலில் வெறுங்கையோடு வந்தார். கொடியைப் புரட்டிப் பார்த்து, "இப்போ ஆண் பூதான் இருக்குண்ணா. பெண் பூ அங்கங்க தெரியட்டும், போன் பண்ணுங்க" என்று கிளம்பிவிட்டார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. ஐந்தாம் நாள் கூப்பிட்டேன். தேனீ எல்லாம் அடைந்த பிறகு வாசலை மூடி, இரவு எட்டு மணிக்கு மேல் கொண்டுவந்தார். வேப்பமர நிழலில் கிழக்கு பார்த்து வைத்து, எறும்பு ஏறாமல் இருக்க ஸ்டாண்டு கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். அப்புறம் பக்கத்து நிலத்துக்காரரிடம் அவரே போய், மருந்து அடிப்பதென்றால் சாயங்காலம் அடியுங்கள், முந்தின நாளே சொல்லுங்கள் என்று பேசிவிட்டு வந்தார். அதற்கே காசு கொடுக்கலாம்.

தர்பூசணிப் பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுசு. காலையில் விரிந்தால் மதியத்துக்குள் மூடிக்கொள்ளும், மறுநாள் திறக்காது. பெண் பூவின் அடியில் சுண்டைக்காய் அளவுக்குப் பிஞ்சு, மேலெல்லாம் பூனைமுடி. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு பூவுக்குப் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். உடம்பெல்லாம் ஆண் பூவின் மஞ்சள் மகரந்தத் தூளோடு ஒரு தேனீ வந்து உட்கார்ந்து, பூவின் நடுவில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஒரு தடவை வந்தால் போதாது. தூள் எல்லாப் பக்கமும் விழுந்தால்தான் காய் உருண்டு வரும். நாலு நாளில் அந்தப் பிஞ்சு தலை கவிழ்ந்து தரையைப் பார்த்தது. காய் பிடித்துவிட்டது! பிடிக்காத பிஞ்சு மஞ்சளாகிக் காய்ந்து விழுந்துவிடும்.

அறுவடையில் ஒதுக்கல் காய் ஒரு கூடைகூடத் தேறவில்லை.

குறை ஒன்று உண்டு. பெட்டியைத் திருப்பி எடுக்கத் தம்பியின் ஆட்கள் வந்தபோது அவசரத்தில் இருட்டும் முன்பே வாசலை அடைத்துவிட்டார்கள். வெளியே போயிருந்த தேனீக்கள் திரும்பி வந்து, பெட்டி இல்லாத ஸ்டாண்டின் மேல் ஒரு கைப்பிடி அளவுக்குக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. சித்தி அதைப் பார்த்துவிட்டு அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன், வருத்தப்பட்டார். அடுத்த மாசிக்கும் அவரிடம்தான் எடுப்போம். ஆனால் இருட்டிய பிறகுதான் பெட்டியைத் தூக்க வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்.