கிரெடிட் கார்டு கடனை பாதியா முடிச்சு தர்றோம்னு சொல்றவங்ககிட்ட 18,000 குடுத்து ஏமாந்தோம்

திருப்பூர்ல இருக்கோம். வீட்டுக்காரர் எக்ஸ்போர்ட் கம்பெனில வேலை. 2025 ஆகஸ்ட் கடைசில அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதும் ஆர்டர் நின்னு போச்சு, ஓவர்டைம் சுத்தமா இல்ல, அடுத்த மாசமே சம்பளமும் பாதியாயிடுச்சு. ஸ்கூல் ஃபீஸ், மளிகை, அத்தைக்கு மருந்துன்னு எல்லாத்துக்கும் கார்டுதான். மினிமம் டியூ (பில்லுல குறைஞ்சபட்சம் கட்டச் சொல்ற தொகை) மட்டும் கட்டிட்டு வந்ததுல கடன் 1,84,000-க்கு வந்து நின்னுச்சு.

அப்பதான் ஃபேஸ்புக்ல அந்த விளம்பரம் வந்துச்சு. ஃபோன்ல பேசின பொண்ணு அவ்வளவு தன்மையா பேசுச்சு, "அக்கா நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, எங்க வக்கீல் பேங்க்ல பேசி 90,000-ல முடிச்சுடுவார்"னு. முன்பணம் 18,000. என் கம்மலை அடகு வெச்சுதான் கட்டினேன். அப்புறம் சொன்னாங்க, இனிமே கார்டுக்கு ஒரு ரூபா கூட கட்டாதீங்க, பேங்க் ஃபோன எடுக்காதீங்க, முடிஞ்சா சிம்மையே மாத்திடுங்கன்னு. கட்டாம விட்டாதான் பேங்க் இறங்கி வருமாம். நாங்களும் நம்பி அஞ்சு மாசம் கட்டல.

அந்த அஞ்சு மாசத்துல என்னாச்சுன்னா மாசம் மூன்றரை பர்சன்ட் வட்டி, அந்த வட்டி மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, லேட் ஃபீ தனி, எல்லாம் ஏறி 2,34,000 ஆயிடுச்சு. கடனை ஒழுங்கா கட்டுறோமான்னு காட்டுற சிபில் ஸ்கோர் 740 இருந்தது 570-க்கு வந்துடுச்சு. ஒருநாள் ராத்திரி எட்டரை மணிக்கு கடன் வசூலுக்கு ரெண்டு பசங்க பைக்ல வந்து கேட்டுக்கு வெளிய நின்னு வீட்டுக்காரர் பேரைச் சொல்லி சத்தமா கூப்பிட்டாங்க. அத்தை கையில சோத்துத் தட்டோட வாசல்ல போய் நின்னாங்க, பக்கத்து வீட்டுல எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. அன்னைக்கு அவங்க சாப்பிடவே இல்ல.

ஏஜென்சிக்கு அடிச்சா "வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாச்சு அக்கா"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் அனுப்பினாங்க. பெரிசு பண்ணி பாத்தா கீழ வேற யாரோட பேரோ, வேற கார்டு நம்பர். எங்க பேரு முதல் பக்கத்துல மட்டும்தான் மாத்தியிருக்காங்க. எனக்கு கை நடுங்கிடுச்சு.

மறுநாள் நேரா பிராஞ்சுக்கு போனோம். அப்படி எந்த நோட்டீஸும் வரலன்னாங்க. அங்க இருந்த மேடம் பொறுமையா கேட்டுட்டு சொன்னது, வேலை போச்சு சம்பளம் குறைஞ்சுதுன்னா முதல் மாசமே வந்து லெட்டர் குடுத்திருந்தா மொத்தத்தையும் குறைஞ்ச வட்டில இஎம்ஐயா மாத்தியிருக்கலாம், இதுக்கு யாருக்கும் ஃபீஸ் தரவேண்டாம்னு. செட்டில்மென்ட், அதாவது குறைச்ச தொகைல கணக்கை முடிக்கிறது, கேட்டாலும் நாமளே கேக்கலாமாம், ஆனா சிபில்ல "செட்டில்ட்"னு ஏறிடும், அது ஏழு வருஷம் நிக்கும், வீட்டு லோன் கிடைக்கிறது கஷ்டம். இதை அந்த ஏஜென்சி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வசூலுக்கு வர்றவங்க காலை 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடவே கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் ரூல் இருக்குறதும் அன்னைக்குதான் தெரிஞ்சுது. அப்படி தொல்லை பண்ணினா முதல்ல பேங்க்ல எழுத்துல புகார் குடுக்கணும், 30 நாள்ல சரியான பதில் வரலன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேனுக்கு போகலாம், அதுவும் இலவசம். விவரம் கேக்க ரிசர்வ் பேங்க் ஃபோன் நம்பர் 14448.

இப்ப 36 மாச இஎம்ஐயா மாத்திக் குடுத்திருக்காங்க. 18,000 திரும்ப வரல, அக்ரிமென்ட்ல பொடி எழுத்துல "நான்-ரீஃபண்டபிள்", அதாவது பணம் திரும்பக் கிடையாதுன்னு போட்டிருக்கான், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு பேப்பர் ரெடி பண்ணிட்டு இருக்கோம். இதே மாதிரி யாராவது பணம் கட்டிட்டு காத்திருந்தீங்கன்னா தயவு செஞ்சு பழைய சிம்மை தூக்கிப் போடாதீங்க, பேங்க் மெசேஜ் எல்லாம் அதுலதான் வரும். அவங்க அனுப்பின பிடிஎஃப்ல கடைசி பக்கம் வரைக்கும் யார் பேரு இருக்குன்னு இன்னைக்கே பாருங்க.