ட்ரீம் தியேட்டர்: 16 ஆல்பங்கள், மூன்று முறை மாறிய என் வரிசை

ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் 'புல் மீ அண்டர்' பாட்டை முதலில் கேட்டபோது, நண்பன் பதிந்து கொடுத்த கேசட்டில்தான் கோளாறு என்று நினைத்தேன். எட்டு நிமிடம் ஓடிய பாட்டு, கத்தரியால் வெட்டியது போல் பாதியில் நின்றுவிட்டது. "ஒழுங்காகப் பதியவில்லை, மறுபடி எடுத்துக் கொடு" என்று திருப்பிக் கொடுத்தேன். அவனும் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பதிந்தான். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. பாட்டின் முடிவே அதுதான் என்று அவனுடைய சிடியைப் போட்டுக் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

அது ஆகி இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். இந்தக் குழுவின் ஆல்பங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மூன்று முறை எழுதிவைத்திருக்கிறேன். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. முதல் பட்டியலில் வேகமாக வாசித்தவை எல்லாம் மேலே இருந்தன. இரண்டாவது, டிரம்மர் மாறிய கோபத்தில் எழுதியது. இப்போதைய பட்டியலுக்கு ஒரே அளவுகோல்தான் வைத்துக்கொண்டேன்: யோசிக்காமல் கை போய் எடுக்கும் ஆல்பம் எது? வெளிவந்த வாரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக ஆள் கணக்கு. 1985-இல் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்த மூன்று பேர் தொடங்கியது: கிதார் ஜான் பெட்ரூச்சி, பேஸ் கிதார் ஜான் மியங், டிரம்ஸ் மைக் போர்ட்னாய். அப்போது பெயர் மெஜஸ்டி. இதுவரை விலகாமல் இருப்பவர்கள் பெட்ரூச்சியும் மியங்கும் மட்டும்தான். கீபோர்டில் கெவின் மூர், டெரெக் ஷெரினியன், ஜோர்டன் ரூடெஸ் என்று மூன்று பேர். முதல் ஆல்பத்தில் பாடியவர் சார்லி டொமினிசி. இரண்டாவதிலிருந்து கனடாக்காரர் ஜேம்ஸ் லாப்ரி. 2010 செப்டம்பரில் போர்ட்னாய் விலகினார், மறு வருடம் டிரம்ஸுக்கு மைக் மஞ்சினி வந்தார், 2023 அக்டோபரில் போர்ட்னாய் திரும்பி வந்தார்.

ரசிகர்கள் இந்தக் குழுவைப் போர்ட்னாய் காலம், மஞ்சினி காலம் என்று இரண்டாக வெட்டித்தான் சண்டை போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் எல்லா ஆல்பத்தையும் பலமுறை சுற்றி வந்த பிறகு, என் காதில் வெட்டு விழுந்திருக்கும் இடம் வேறு: 1994, கெவின் மூர் போன வருடம். டிரம்ஸில் யார் உட்கார்ந்தாலும் பெட்ரூச்சியின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) பெட்ரூச்சியின் ரிஃப்தான். கீபோர்டில் உட்காரும் ஆள் மாறினால் பாட்டுக்குள் இருக்கும் காலியிடமே மாறிவிடுகிறது.

இதனால்தான் என் முதலிடம் 'அவேக்' (1994). முதல் பட்டியலில் இதற்கு ஆறாவது இடம் கொடுத்திருந்தேன். இருட்டாக இருக்கிறது, மனதில் உடனே ஒட்டும் மெட்டு குறைவு என்று. பழகப் பழகத்தான் திறந்தது. பெட்ரூச்சி ஏழு தந்திக் கிதாரைக் கையில் எடுத்த ஆல்பம் இது, கனம் கூடியிருக்கிறது. அந்தக் கனத்துக்கு நடுவே மூர் வாசிப்பது பெரும்பாலும் மிகக் குறைவு. ஒரே ஒரு நீண்ட ஒலியைப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பார், அல்லது நாலு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் போடுவார். அது போதும், அறையின் வெளிச்சமே மாறிவிடும். ஆல்பம் முடியும் தறுவாயில் அவர் விலகிவிட்டார். கடைசிப் பாட்டு 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்' முழுக்க அவர் எழுதியது: மெல்லிய பியானோ, திரும்பிப் பார்க்காமல் வெளியேறும் ஒரு குரல். 2014 வரை குழு அதை மேடையில் வாசிக்கவே இல்லை. பல வருடம் இந்தப் பாட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவன் நான். இப்போது அதைக் கேட்காமல் ஆல்பத்தை நிறுத்த மனம் வருவதில்லை.

இரண்டாவது 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' (1992). இதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று தோன்றும், ஆனால் ஒரு குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தயாரிப்பாளர் டேவிட் பிரேட்டர் ஸ்னேர் டிரம்மின் ஒலியை டிரிகர் (ஒவ்வொரு அடிக்கும் முன்பே பதிந்துவைத்த ஒலியை எழுப்பும் கருவி) வைத்து மாற்றியிருப்பார். ஒவ்வொரு அடியும் அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரி விழும். போர்ட்னாய்க்கே அது பிடிக்கவில்லை. 2008-இல் வந்த தொகுப்பில் இந்த ஆல்பத்தின் மூன்று பாட்டுகளைக் கெவின் ஷெர்லி மறுபடி மிக்ஸ் செய்து கொடுத்தார், டிரம்ஸ் இயல்பாக இருந்தது. "ஆகா, இனி இதுதான்" என்று ஒரு மாதம் கேட்டேன். அப்புறம் சத்தமில்லாமல் பழைய அச்சு ஒலிக்கே திரும்பிவிட்டேன். காது எதில் பழகியதோ அதுதான் பாட்டு. 'லேர்னிங் டு லிவ்' பாட்டுக்கு மியங் எழுதிய வரிகளும், அதில் பேஸ் தனியாக நடந்து போகும் இடமும் நல்ல ஹெட்ஃபோன் வாங்கிய பிறகுதான் எனக்குக் கிடைத்தன. மலிவான இயர்போனில் மியங் என்று ஒரு ஆள் இருப்பதே தெரியாது. இது இந்தக் குழுவின் பாதி ஆல்பங்களுக்குப் பொருந்தும்.

மூன்றாவது, 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' (1999). பெரும்பாலான பட்டியல்களில் இதுதான் முதலிடம், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூருக்குப் பின் 1994-இலேயே குழு ரூடெஸை அழைத்தது. ஒரு நிகழ்ச்சியில் வாசித்துவிட்டு அவர் வேறு குழுவுக்குப் போய்விட்டார். ஷெரினியன் வந்தார். பிறகு பெட்ரூச்சி, போர்ட்னாய், பேஸ் வாசிக்கும் டோனி லெவின் மூவரும் ரூடெஸுடன் சேர்ந்து லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்ட் என்று பாடகர் இல்லாத ஆல்பங்கள் செய்தபோது, ரூடெஸ் இல்லாமல் முடியாது என்று ஆகி, ஷெரினியனின் இடத்துக்கு அவரே வந்துவிட்டார். முந்தின ஆல்பம் சரியாகப் போகாத நிலையில், 77 நிமிடத்துக்கு ஒரே கதை. முற்பிறவி, ஒரு கொலை, 1928, மனோவசியம் எல்லாம் உண்டு. முதல் பத்துத் தடவை கேட்கும்போது இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் கதைக்கு ஒரு சாபம் உண்டு: முடிச்சு தெரிந்த பிறகு நடுவே வரும் வசனங்களைத் தாங்க வேண்டியிருக்கிறது. 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' மட்டும் அந்தச் சாபத்துக்குத் தப்பியது. பாட்டே இல்லாத ஆறு நிமிடம். தாளம் எத்தனை தடவை மாறுகிறது என்று எண்ண முயன்று இன்றுவரை பாதியில் தொலைந்துபோகிறேன்.

நாலாவது இடம்தான் எனக்கே வியப்பு: 'எ டிரமாட்டிக் டர்ன் ஆஃப் ஈவென்ட்ஸ்' (2011). போர்ட்னாய் இல்லாத முதல் ஆல்பம். அவர் போனது எனக்கு வீட்டு விஷயம் போலவே வலித்தது, அதனால் தோற்றுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கேட்டேன். தேடிப் போனால் குறை கிடைக்காமலா போகும்? டிரம்ஸ் மிக்ஸில் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. மஞ்சினி வருவதற்கு முன்பே பெட்ரூச்சி டிரம்ஸைக் கணினியில் எழுதி வைத்திருந்தார், அதை எடுத்துத்தான் இவர் தன் கையில் வாசித்தார். ஏழு டிரம்மர்களை வரவழைத்துத் தேர்வு வைத்து எடுத்த ஆளை இப்படியா பயன்படுத்துவது என்று எழுதிவைத்து, பதினோராவது இடம் கொடுத்தேன். ஒன்றிரண்டு வருடம் கழித்து, ஏதோ வேலையாக இருந்தபோது தற்செயலாக ஓடியது. 'பிரேக்கிங் ஆல் இல்லூஷன்ஸ்' வந்தபோது வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நடுவில் எல்லோரும் வழிவிட, பெட்ரூச்சி மெதுவாகத் தொடங்கும் அந்த சோலோ! 1992-க்குப் பிறகு இவர்கள் இப்படி மூச்சு விட்டதில்லை. ரூடெஸும் இதில் விரலைக் கொஞ்சம் அடக்கியிருக்கிறார். என் கோபம் ஆல்பத்தின் மேல் இல்லை, வேறு எங்கோ இருந்திருக்கிறது.

ரூடெஸைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்த வரிசையில் அதிக ஆல்பம் வாசித்த கீபோர்டுக்காரர் அவர்தான், கைத்திறமையில் அவரைத் தொட ஆளில்லை. அதுதான் சிக்கலும். பெட்ரூச்சி ஓடினால் இவரும் சேர்ந்து ஓடுவார். இரண்டு பேரும் ஒரே ஸ்வரத்தை ஒரே வேகத்தில் வாசித்து முடிக்கும்போது கைதட்டத் தோன்றும், ஆனால் திரும்பக் கேட்கத் தோன்றாது.

ஐந்தும் ஆறும் அருகருகே நிற்பவை. 'சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் இன்னர் டர்புலன்ஸ்' (2002) இரண்டு சிடி. இரண்டாவது முழுக்க 42 நிமிடத்துக்கு ஒரே பாட்டு, மனநோய்களோடு வாழும் ஆறு பேரைப் பற்றியது. நான் அதிகம் எடுப்பது முதல் சிடியைத்தான். 'ஆக்டவேரியம்' (2005) எட்டாவது ஆல்பம், எட்டுப் பாட்டு. கடைசியில் வரும் 24 நிமிடத் தலைப்புப் பாட்டுக்காகவே இந்த இடம். அதன் முதல் நாலு நிமிடம் ரூடெஸ் ஒற்றையாக, அவசரமே இல்லாமல் இழுத்துக்கொண்டு போகிறார். அவரால் இது முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நடுவில் உள்ள சில பாட்டுகள் வேறு குழுக்களைக் கேட்டுவிட்டு வந்து எழுதியது போல இருக்கும், தாண்டிவிடுவேன். 1999 முதல் 2005 வரை ஒரு ஆல்பம் முடியும் ஒலியிலேயே அடுத்தது தொடங்கும் விளையாட்டு ஒன்று உண்டு. நாலையும் ஒரே மூச்சில் போட்டுப் பாருங்கள்.

அந்தச் சங்கிலியில் மீதமிருக்கும் 'ட்ரெயின் ஆஃப் தாட்' (2003) என் முதல் பட்டியலில் இரண்டாவது, இப்போது எட்டாவது. அந்த வயதுக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. அதற்கு மேலே ஏழாவதாக 'டிஸ்டன்ஸ் ஓவர் டைம்' (2019) வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் ஒரே இடத்தில் தங்கி, பழைய தானியக் கொட்டகையை ஸ்டுடியோவாக்கி எழுதிய ஆல்பம். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது, பத்து நிமிடத்தைத் தாண்டும் பாட்டே இல்லை. மஞ்சினியின் டிரம்ஸ் கடைசியாக மர வாசனையோடு கேட்டது இதில்தான்.

அப்படியானால் அடுத்த 'எ வியூ ஃப்ரம் தி டாப் ஆஃப் தி வேர்ல்ட்' (2021)? கிராமி வாங்கிய பாட்டு அதில்தான் இருக்கிறது, வாசிப்பில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆல்பம் முடிந்த பிறகு ஒரு மெட்டும் நாக்கில் நிற்பதில்லை. பதினொன்று. அதற்கு ஒரு படி மேலே 'பிளாக் க்ளவுட்ஸ் அண்ட் சில்வர் லைனிங்ஸ்' (2009). போர்ட்னாய் தன் அப்பாவுக்காக எழுதிய பாட்டின் முடிவில் வரும் கிதாருக்கு மட்டும் தனி மதிப்பெண்.

'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி' (1997) எல்லோரும் திட்டும் ஆல்பம். ரேடியோவுக்கு ஏற்ற பாட்டு வேண்டும் என்று நிறுவனம் நெருக்கியது, ஹிட் பாட்டுகள் எழுதும் டெஸ்மண்ட் சைல்டை வரவழைத்து ஒரு பாட்டைத் திருத்தச் சொன்னது, எல்லாம் உண்மைதான். ஷெரினியன் ஆல்பம் என்று இது ஒன்றுதான் இருக்கிறது. அவருடைய ஆர்கன் ஒலியில் பழைய ராக்கின் ஒரு சூடு உண்டு. இன்னும் ஒரு ஆல்பம் கொடுத்திருக்கலாம். பன்னிரண்டு. பதின்மூன்று, முதல் ஆல்பமான 'வென் ட்ரீம் அண்ட் டே யுனைட்' (1989). ஒலி தகரம், பாட்டு தங்கம்.

'சிஸ்டமேட்டிக் கேயாஸ்' (2007) பதினான்கு, குழுவின் பெயரையே தலைப்பாக வைத்த 2013 ஆல்பம் பதினைந்து. இரண்டிலும் எனக்கு வேலை குறைவு.

கடைசி 'தி அஸ்டோனிஷிங்' (2016). 34 பாட்டு, இரண்டு மணி பத்து நிமிடம், இசையை இயந்திரங்கள் வாசிக்கும் எதிர்கால சாம்ராஜ்யம், அதை எதிர்க்கும் ஒரு பாடகன். முழுவதுமாக நான்கு முறை கேட்டேன். நான்காவது முறை கடமைக்காக. லாப்ரி எல்லாப் பாத்திரங்களையும் தானே பாடி, குரலை எவ்வளவோ மாற்றிப் பார்த்திருக்கிறார். அவர் உழைப்புக்கு வணக்கம். ஆனால் மஞ்சினி மாதிரி ஒருவரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பின்னணி வாசிக்க வைத்ததை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஒன்பதாவது இடத்தை விட்டுவிட்டேன் என்று கவனித்திருப்பீர்கள். அது 2025 பிப்ரவரியில் வந்த 'பாராசோம்னியா'வுக்கு. தூக்கத்தில் வரும் கோளாறுகளைச் சுற்றிய பாட்டுகள், போர்ட்னாய் திரும்பிய பின் முதல் ஆல்பம். அவருடைய அடி காதில் விழுந்ததும் உடம்பு தானாக நிமிர்ந்தது, அது நிஜம். 15 வருடம் ஏங்கியவன் எப்படி நடுநிலையாக இருக்க முடியும்? 2011-இல் கோபத்தில் கொடுத்த எண்ணை ஏழு படி மேலே மாற்ற வேண்டியிருந்தது. இந்தச் சந்தோஷத்தில் கொடுக்கும் எண்ணும் அதே கதிதான் ஆகும். அதனால் நடுவில், பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். கடைசியில் இருக்கும் 19 நிமிடப் பாட்டை இன்னும் வாரத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்.