பூனையின் தெள்ளுப்பூச்சிக்கு பிப்ரோனிலா, செலமெக்டினா?

சேலத்துக் கோடை வெயிலில் காய்ந்து போகும் தெள்ளு முட்டைகள் ஏற்காட்டு ஈரத்தில் தாராளமாகப் பொரிக்கும். மலை வீட்டுப் பூனைக்கு ஒரு மாதம்கூட மருந்தைத் தவறவிடக் கூடாது. சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் தெள்ளு உறுதி.

பிப்ரோனில் 10% சொட்டு மருந்து, பூனைக்கு 0.5 மி.லி. தோலின் எண்ணெய்ப்பசையில் பரவித் தெள்ளையும் உண்ணியையும் கொல்லும். குடற்புழுவைத் தொடாது. போடுவதற்கு முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளிப்பாட்டக் கூடாது.

செலமெக்டினும் சொட்டு மருந்துதான், ஆனால் தோல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. 2.6 முதல் 7.5 கிலோ வரையுள்ள பூனைக்கு 45 மி.கி. தெள்ளோடு காதுப்பூச்சி, உருண்டைப் புழு, கொக்கிப் புழுவும் போகும். காதில் காப்பித்தூள் போல அழுக்கு இருந்தால் இதுவே சரி. காப்பித் தோட்டத்தில் திரிந்து உண்ணியோடு வரும் பூனைக்கு பிப்ரோனில்தான்.

இரண்டும் 8 வாரத்துக்கு மேற்பட்ட குட்டிகளுக்கே. முடியை விலக்கி, நாக்கு எட்டாத பிடரித் தோலில் விடுங்கள். முடியில் விட்டால் வீண். நாடாப்புழுவுக்கு இரண்டுமே உதவாது, பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்து தனியாக வேண்டும்.

நாய்க்கான சொட்டு மருந்தைப் பாதியாக்கிப் போடவே போடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். தவறிப் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.